ஃப்ளாப்பிப் பூட்டுகளின் சாவி

டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரிகம் ஸ்டேஷனைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். ஆண்டர்சன்பேட்டை பின்னால் போய்விட்டது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. வேலை செய்யும் இடத்தில் பெரியவர்கள் குரலை உயர்த்தினால் என் கை தானாகப் பையைத் தேடும். வாணியம்பாடியில் லேத் பட்டறை, குப்பத்தில் சைக்கிள் கடை, ஓசூரில் ஓட்டல் என்று எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டேன். எட்டாவதில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான்.

இந்த முறை விட்டுவந்தது கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போடும் வேலை.

தொண்ணூறுகளின் கடைசி அது. தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. மூடிவிடுவார்கள் என்ற பேச்சும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு துணிக்கடை மாடியில் கணேசன் சார் டிராயிங் ஆபீஸ் வைத்திருந்தார். பிள்ளைகள் ஆறு பேர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். எல்லாரும் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகள். பெங்களூர் கம்பெனி ஒன்று தன் மெஷின் டிராயிங்குகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து தரும் வேலையைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தது. அது வந்தால் ஆபீஸ் பிழைக்கும், இல்லையென்றால் மூட வேண்டியதுதான்.

கம்பெனி போட்ட நிபந்தனை ஒன்றுதான். டிராயிங் எதுவும் வெளியே போகக் கூடாது. இன்றைக்குப் பென் டிரைவ் செய்யும் வேலையை அன்றைக்கு ஃப்ளாப்பி செய்தது. அதனால் ஃப்ளாப்பி போடும் வாயையும், பின்பக்கத்துப் போர்ட்டுகளையும் மூடிப் பூட்ட வேண்டும். கம்பெனி ஆள் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ஆர்டர்.

வேலையைப் பிடித்தவர் ஏகாம்பரம் அண்ணன். சுரங்கத்தில் வைண்டர் ஃபிட்டர். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜை இழுக்கிற பெரிய இன்ஜினைப் பார்த்துக்கொள்பவர். ஷிப்ட் முடிந்த பிறகு வெளிவேலையும் செய்வார். நான் அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். ஜிஐ தகட்டை வெட்டி மடித்து, முன்பக்கம் ஃப்ளாப்பி வாய்க்கு ஒரு மூடி, பின்பக்கம் போர்ட்டுகளுக்கு ஒரு பெட்டி செய்தோம். மானிட்டர் வயரும் கீபோர்டு வயரும் வெளியே வர ஒரு கீறல் விட்டோம். கொண்டி வைத்துச் சின்னப் பூட்டுகள் மாட்டினோம். ஒரு மெஷினின் இரண்டு பூட்டுக்கும் ஒரே சாவி.

பூட்டி முடித்ததும் ஏகாம்பரம் அண்ணன் சாவிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாகப் போனார்.

"இந்தாம்மா ஸ்டெல்லா, இது உன் பூட்டு. சாவி உன்கிட்ட. உங்கப்பனே கேட்டாலும் குடுக்காதே, இன்னா?"

"எங்கப்பாவும் இப்டித்தான் வெச்சிருக்காரு மாமா," என்று ஸ்டெல்லா சாவியை ரிப்பனில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

சுரங்கத்தில் இன்ஜினைப் பிரித்து வேலை செய்யும்போது, மெயின் சுவிட்சில் ஒவ்வொரு ஃபிட்டரும் தன் சொந்தப் பூட்டை மாட்டுவான். சாவி அவன் பாக்கெட்டில்தான் இருக்கும். அவனே வந்து கழற்றும்வரை மேனேஜர்கூடத் தொட மாட்டார். எவனாவது சுவிட்சைப் போட்டால் உள்ளே இருப்பவன் உயிர் போய்விடும். பூட்டு என்றால் அந்த ஊரில் எல்லாருக்கும் அதுதான். கணேசன் சாரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

கம்பெனி ஆள் மஞ்சுநாத் வந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். தகட்டை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"சென்னாகிதே. நல்லா செஞ்சிருக்கீங்க. சாவி எங்கே?"

ஆறு பேரும் ஒரே நேரத்தில் சாவியை எடுத்துக் காட்டினார்கள். ஸ்டெல்லா கழுத்திலிருந்து, ஒருவன் வாட்ச் பாக்கெட்டிலிருந்து, இன்னொருத்தி டிபன் டப்பாவிலிருந்து. கணேசன் சார் முகத்தில் பெருமை.

மஞ்சுநாத் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"யாரு எடுக்கக் கூடாதுன்னு பூட்டு போடச் சொன்னோமோ, அவங்க கையிலயே சாவி குடுத்திருக்கீங்களே சார்!"

"அப்ப எங்களைத் திருடங்கன்னு சொல்றீங்களா?" என்று எழுந்தாள் ஸ்டெல்லா.

"சார், எங்க சுரங்க ஷாஃப்ட்ல இன்னா வழக்கம்னா..." என்று ஏகாம்பரம் அண்ணன் ஆரம்பித்தார்.

"இது ஷாஃப்ட் இல்லீங்க! இந்த லட்சணத்துல எப்படி வேலை குடுக்கறது?"

குரல் உயர்ந்துவிட்டது. நான் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிள் மணி கேட்டது. ஏகாம்பரம் அண்ணன் மூச்சு வாங்க வந்து குறுக்கே நிறுத்தினார்.

"இன்னாடா முனுசாமி, சொல்லாம கொள்ளாம பையத் தூக்கிக்கினு எங்க போறே?"

"வேலைதான் போச்சேண்ணே."

"எவன் சொன்னான்? ஒரு டீ வாங்கிக் குடுத்து நம்ம வழக்கத்தைச் சொன்னேன். மனுசன் எறங்கி வந்துட்டாரு. அந்தப் பொண்ணுகிட்டக்கூட, தப்பா நெனைக்காதம்மான்னாரு. சாவி எல்லாம் ஒரே ஆள்கிட்ட இருக்கணுமாம். அவனுக்கு டிராயிங் தெரியக் கூடாதாம், கம்ப்யூட்டரும் தெரியக் கூடாதாம். அப்டி ஒருத்தனைக் காட்டினா ஆர்டர் குடுக்கறேன்னாரு."

"அப்டி யார் இருக்காங்க?"

"ஸ்டெல்லா சொல்லுது, முனுசாமி அண்ணனுக்கு மவுஸை எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாது, அவர்கிட்ட குடுங்கன்னு. ஆபீஸே சிரிக்குது. ஆறு பேரும் உன் பேரைத்தான் சொன்னாங்க. நீ பாட்டுக்கு ரயில் ஏறிட்டேன்னா அதுங்க கதி?"

ஒரு வேலைக்கு எனக்குத் தெரியாததைத் தகுதியாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "இருந்தாலும் அடுத்தவன் பூட்டு சாவியை நீ வெச்சிக்கறது எனக்குப் புடிக்கலடா."

அதற்குப் பிறகு பல ஊரில் பூட்டு வேலை செய்திருக்கிறேன். தகடு வெட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுவேன்: பூட்டு உள்ளே இருப்பவரைக் காப்பாற்றவா, அவரிடமிருந்து எதையாவது காப்பாற்றவா? இரண்டுக்கும் தகடு ஒன்றுதான், சாவி போகும் கைதான் வேறு. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

நான் திரும்பி வந்த மறுநாள் காலை ஆபீஸ் திறந்தபோது கணேசன் சார் வாசல் பக்கம் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். சாவிகளை அவர் வாங்கித் தரவில்லை. அவரவர் கையால் கொடுக்கட்டும் என்று ஏகாம்பரம் அண்ணன் சொல்லியிருந்தாராம். ஆறு பேரும் ஒவ்வொருவராக வந்து கொடுத்தார்கள். ஸ்டெல்லா ரிப்பனோடு கழற்றித் தந்தாள்.

"பத்திரம்ணா. நீங்க வந்து பூட்டைத் தெறந்தாத்தான் இனிமே எங்க வேலை ஃப்ளாப்பில ஏறிக் கம்பெனிக்குப் போவும்."

நான் இல்லாவிட்டாலும் வேலை நின்றுபோகாத இடங்களிலேயே அதுவரை இருந்திருக்கிறேன். சாவிகளை இடுப்பில் முடிந்துகொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.