அவுட்டுக்குப் பிறகும் ஆட்டம்

பலகையில் ஆணியடித்து வெயிலில் காயவைத்த தோலின் மீது கெட்டிப் பந்து ஒன்று போய் விழுந்தால், கல்யாண வீட்டில் சும்மா வைத்திருக்கும் தவிலை ஏதோ ஒரு குழந்தை தட்டிவிட்டு ஓடியதுபோல "டொம்" என்று ஒரு சத்தம் எழும். ஆம்பூரில் என் பத்தாவது வயதுக் கோடை விடுமுறை முழுவதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெரும்பாலும் அதை எழுப்பியவள் நான்தான்.

இது இப்போது நினைவுக்கு வந்ததற்கு என் மகள் நிலா காரணம். போன மாதம் அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, எங்கள் தெரு சர்வீஸ் ரோட்டில் சேரும் திருப்பத்தில், ரிவர்ஸ் எடுத்த லாரி ஒன்று அவள் சைக்கிளின் பின்சக்கரத்தை நசுக்கிவிட்டது. அவள் குதித்துத் தப்பினாள். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுக்கு அது ஆறிவிட்டது. நான்தான் லாரி சத்தம் கேட்டால் இன்னும் வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன். சைக்கிளைச் சரிசெய்து வாங்கி வந்து மாடிப்படிக்குக் கீழே பூட்டி வைத்துவிட்டு, காலையும் மாலையும் நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். தோழிகள் முன்னால் பின்சீட்டில் வந்து இறங்குவது அவளுக்கு அவமானம். என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அப்படிப் பேசாமல் உட்கார்ந்து டிவியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், திரையில் கோல்ஃப் ஆட்டம் வந்தது. "இது நான் ஆடியிருக்கேன்" என்றேன். "நீயா?" என்று திரும்பிப் பார்த்தவள், பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை விட மனமில்லாமல் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்பா வேலை செய்த தோல் தொழிற்சாலையின் கெஸ்ட் ஹவுஸில் தங்கிய வெளிநாட்டு வியாபாரி ஒருவர், ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பழைய கோல்ஃப் மட்டையையும் ஒரே ஒரு பந்தையும் வேண்டாமென்று விட்டுப் போனார். அங்கே சமையல் பார்த்த பாயின் மகன் இம்தியாஸ், என் அண்ணன் சேகரின் உயிர்த் தோஸ்து. மட்டை அவன் கைக்கு வந்தது. தொழிற்சாலைக்குப் பின்னால் பாலாற்றை ஒட்டிக் கிடந்த பொட்டல் எங்கள் மைதானமானது. பால் பவுடர் டப்பாவை மண்ணில் புதைத்தால் அதுதான் குழி. இடதுபுறம் ஆற்று மணல். வலதுபுறம் வரிசையாகத் தோல் பலகைகள். பலகைப் பக்கம் போகக் கூடாது என்பதற்காக, தோல் ஊறவைக்கும் பட்டறையில் மிஞ்சிய சுண்ணாம்பைக் கொண்டுவந்து அண்ணன் ஒரு கோடு போட்டிருந்தான்.

எங்களுக்கு அதுவரை தெரிந்த ஒரே ஆட்டம் தெரு கிரிக்கெட். அதில் பந்து யார் வீட்டு மதிலையாவது தாண்டினால் அடித்தவன் அவுட், மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அதே சட்டத்தைத்தான் கோல்ஃபிலும் வைத்துக்கொண்டோம்: சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினால் அவுட். மற்றவர்களுக்கு இதில் கஷ்டமில்லை. நான் அடித்தால் பந்து நேராகப் போகவே போகாது. முழு பலத்தோடு சுழற்றுவேன், அது வளைந்து வலதுபக்கம் பறந்து "டொம்" என்னும். ஒரு நாளைக்கு எனக்கு ஒரே ஒரு அடி. அதற்குப் பிறகு மாலை மங்கும்வரை மற்றவர்களுக்குப் பந்து பொறுக்கிப் போடுவது. அந்த டப்பாவுக்குள் ஒரு தடவையாவது பந்தைத் தள்ளிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த விடுமுறையில் எனக்கு வேறு ஆசையே இருந்ததில்லை.

ஒரு மத்தியானம், விருந்தினர் யாருமில்லாத கெஸ்ட் ஹவுஸின் ஜன்னலில் நாங்கள் மூவரும் தொங்கிக்கொண்டு, பாய் உள்ளே போட்டுவிட்டிருந்த டிவியைப் பார்த்தோம். அதிலும் கோல்ஃப். ஆங்கிலம் எங்களுக்குப் புரியவில்லை. ஒருவர் அடித்த பந்து வெள்ளைக் குச்சிகள் நட்டிருந்த எல்லைக்கு அப்பால் மரங்களுக்குள் போய் விழுந்தது. போச்சு, உட்கார வைத்துவிடுவார்கள் என்று பார்த்தால், அந்த மனிதர் பாக்கெட்டிலிருந்து இன்னொரு பந்தை எடுத்து அதே இடத்தில் வைத்து மறுபடி அடித்தார்.

"பாருண்ணா! அவரை யாரும் அவுட்டுனு சொல்லல!" என்று கத்தினேன்.

"அவர்கிட்ட ரெண்டாவது பந்து இருக்குது. உன்கிட்ட இருக்குதா?" என்றான் அண்ணன்.

"நான்தான் ஓடிப் போயி எடுத்தாறனே. எல்லாருக்கும் நான்தான எடுத்தாறேன்?"

இம்தியாஸ் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏ சேகரு, தங்கச்சி சொல்றது கரெக்ட்டுதான். ஆனா சும்மா உடல. ரெண்டாவது வாட்டி அடிக்கறாரு, மூணுன்னு காட்டுறான் பாரு. ஒண்ணு ஜாஸ்தி."

எங்களுக்குச் சட்டம் விளங்கியது அப்படித்தான். எல்லை தாண்டினால் அடித்த இடத்துக்கே திரும்பி வர வேண்டும். அடித்த அடியும் கணக்கு, தண்டமாக இன்னொன்றும் கணக்கு. ஆனால் ஆட்டம் தொடரும். அண்ணன் தன் பங்குக்கு ஒரு சட்டம் சேர்த்தான்: பந்தை எடுக்கப் போகும்போது, தோல் காயவைக்கும் மேஸ்திரியிடம் வாங்கும் திட்டும் அடித்தவருக்கே.

அன்று சாயங்காலமே நான் "டொம்." பலகைகளுக்கு நடுவில் மேஸ்திரி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"இன்னாம்மா, நாங்க சுண்ணாம்புல ஊற வெச்சி, சுரண்டி, பதம் பண்றதுக்கு எத்தினி நாளாவுது! நீ ஒரே அடியில பண்ணிடுவ போலிருக்குதே? இன்னொரு தபா பட்டுச்சு, உன் தோலத்தான் பலகையில அடிப்பேன்!"

சொல்லிக்கொண்டே பந்தை என் பக்கம் உருட்டிவிட்டார். எடுத்துக்கொண்டு அடித்த இடத்துக்கே ஓடி வந்து மறுபடி அடித்தேன். மறுபடி "டொம்." இந்தத் தடவை மேஸ்திரி பேசவில்லை, தலையில் அடித்துக்கொண்டார். அதற்கடுத்தது ஆற்று மணலுக்குப் போனது. அங்கிருந்து தட்டி, தவறி, முட்டி, கடைசியில் டப்பாவின் விளிம்பில் பந்து ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்து "டிங்" என்றது.

"எத்தினிண்ணா?"

"யாருக்குத் தெரியும்? எனக்கு வெரலு தீந்து ரொம்ப நேரமாவுது" என்றான் அண்ணன். இம்தியாஸ் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பொட்டலைச் சுற்றி ஓடினான். தோற்றவளை ஊர்வலம் விடுகிற அதிசயத்தைப் பார்த்துப் பலகைப் பக்கமிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

இன்று அந்தப் பொட்டலைச் சுற்றி உயரமான மதில்; உள்ளே ஷூ தைக்கும் யூனிட். தோல் இப்போது வெயிலைப் பார்ப்பதில்லை, மெஷினிலேயே காய்ந்துவிடுகிறது. அந்த "டொம்" எப்படி இருக்கும் என்று வாயால் செய்து காட்டினேன். நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, அவ்ளோ தடவ வெளிய அடிச்சும் உன்ன ஆட உட்டாங்க இல்ல?"

"ஆமா."

"நான் ஒரு வாட்டிதான விழுந்தேன்?"

அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து போனேன்.

மறுநாள் காலை பூட்டைத் திறந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் அந்தத் திருப்பம்வரை நடந்தோம். இடதுபக்கமே போ, லாரிக்குப் பின்னால் நிற்காதே என்று வழியெல்லாம் சொன்னேன். அவளும் வழியெல்லாம் "சரிம்மா" என்றாள். திருப்பத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள், பிறகு ஏறி மிதித்தாள். நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வீஸ் ரோட்டில் அவளுக்கு முன்னால் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. ஆனாலும் கண்ணுக்கு மறையும்வரை மணியை அடித்துக்கொண்டே போனாள்.