முதலாளி வீட்டுச் சுவரில் நாலு துருத் திருகாணி

சுவத்துல திருகாணி ஏத்துறவனை யாரும் கண்டுக்கிறதில்ல. அது துருப்பிடிச்சு ஒடிஞ்ச பிறகு பிடுங்க வர்றவனைத்தேன் கொலைகாரனைப் பார்க்குற மாதிரி பார்ப்பாக. போடியில நான் இரும்பு வேலை பார்த்த காலத்துல வாங்கிக் கட்டிக்கிட்டதைச் சொல்றேன். திருகாணி முடுக்கத் திருப்புளி பிடிச்ச சாமிகளே, உங்களுக்காவது என் வயித்தெரிச்சல் புரியும்.

நாலே அடி

ஏலக்காய் யாவாரம் பண்ற முதலாளி ஒருத்தர். மலைமேல துரை பங்களாவுக்குப் போனப்ப, குளிக்கிற அறைச் சுவத்துல பிடிச்சு நிக்க ஒரு கம்பி இருந்ததைப் பார்த்திருக்காரு. இறங்கி வந்த கையோட தன் வீட்டுலயும் ஒண்ணு போட்டுக்கிட்டாரு. அது இப்ப ஆடுதுன்னு ஆள் விட்டாரு. மக காமாட்சி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா, எட்டு மாசம். எண்ணெயும் சீயக்காயும் ஊறி வழுக்குற தரை. அவ பிடிச்சு நிக்க அந்தக் கம்பி ஒண்ணுதான். விழுந்தா ரெண்டு உசுரு.

போய்ப் பார்த்தேன், எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நாலு திருகாணி, ஒண்ணைக்கூடத் திருகல! சுவத்துக்குள்ள பதிச்ச மரக்கட்டையில, ஆணி அடிக்கிற மாதிரி சுத்தியலால அடிச்சு இறக்கியிருக்கு. தலையில திருப்புளி வைக்குற வெட்டெல்லாம் நசுங்கி, வெந்நீர் ஆவியில துரு ஏறி, ரெண்டு தலை ஒடிஞ்சே போச்சு. "எந்தப் புண்ணியவான் மொதலாளி இந்த வேலையைப் பார்த்தது?"ன்னு கத்திட்டேன். முதலாளி நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னாரு: "நாந்தேன். திருகிக்கிட்டே இருந்தா எப்ப முடியிறது? நாலே அடி, நச்சுன்னு ஏறிருச்சு."

சீமெண்ணெய்

துரு இளகட்டும்னு துணியைச் சீமெண்ணெயில நனைச்சு, நாலு திருகாணியிலயும் சுத்தி வச்சேன். ரெண்டு நாளைக்கு யாரும் தொடப்படாது, தண்ணி படப்படாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டு வந்தேன்.

மூணாம் நாள் போனா துணியைக் காணோம். சுவத்தைப் பளிச்சுனு கழுவி, திருகாணிக்கெல்லாம் மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டும் வச்சிருக்காக! அன்னைக்கு வெள்ளிக்கிழமையாம். ஒடிஞ்சு நிக்கிற ரெண்டுக்கும் சேர்த்துத்தான் பொட்டு. நான் தலையில கை வச்சு உக்காந்துட்டேன். முதலாளியம்மா ஆறுதலாச் சொன்னாக: "புள்ளத்தாச்சிக்கு அந்த வாடை ஆகல ஆசாரி, அதேன் கழுவிட்டோம். ஆணி வராட்டிப் போகுது, பார்க்க லட்சணமா இருக்குல்ல?"

சத்தம் வராத சுத்தியல்

இனி ஒரே வழிதான். உளி வச்சுச் சுவத்தைக் கொத்தி, மரக்கட்டையோட பேத்து எடுக்கணும். சுத்தியலை ஓங்குறேன், முதலாளியம்மா ஓடி வந்து குறுக்க நிக்கிறாக. புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல சுவத்துல இரும்பு அடிக்கப்படாதாம், வயித்துப் பிள்ளைக்கு ஊனம் வருமாம். அந்நேரம் அங்கனயே, அஞ்சடி தள்ளி, உரல்ல ரெண்டு பொம்பளைக மாவு இடிக்கிறாக. வீடே அதிருது! அது ஆகுமாம். என் சுத்தியல்தான் ஆகாதாம். என்னய்யா நியாயம் இது?

"அப்பச் சரி, தாயி ஒரு நாழி பக்கத்து வீட்டுல போய் இருக்கட்டும்"னேன். பிரசவத்துக்கு வந்த மகளை ஊரான் வீட்டுக்கு அனுப்புறதான்னு அதுக்கும் சண்டை. வேற வழியில்லாம குறடை வச்சு நெம்பினேன். மூணாவது தலையும் கையோட வந்துருச்சு. இப்பக் கம்பி ஒத்தைத் திருகாணியில தொங்குது. "இதை நம்பிப் பிள்ளை விழுந்தா யாரு பொறுப்பு மொதலாளி?"ன்னு கேட்டேன். அவரு கொஞ்சம்கூட யோசிக்கல: "நீதேன். சத்தம் வராம அடிக்கத் தெரியாதவன் என்ன ஆசாரி?"

செவ்வாய்க்கிழமை

அந்தக் கம்பியைத் தொடாதீகன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை அதே வீட்டுப் பின்கட்டுக் கதவுக்குக் கொண்டி மாத்திக்கிட்டு இருக்கேன், குளிக்கிற அறைக்குள்ள படார்னு ஒரு சத்தம். கொண்டியைப் போட்டுட்டு எந்திரிச்சேன். முதலாளியம்மா "ஐயோ எம்மக"ன்னு ஓடுறாக, மாவு இடிச்ச பொம்பளைக ஓடுறாக.

கதவு திறந்துச்சு. ஈரச்சேலையைச் சுத்திக்கிட்டு, தலையில சீயக்காய் வழிய, காமாட்சி நிக்கிறா. கையில அந்தக் கம்பி! வழுக்குனதும் பழக்கத்துல அதைத்தான் பிடிச்சிருக்கா, பிடுங்கிக்கிட்டு வந்துருச்சு. நல்லவேளை, மறு கைக்குத் தண்ணித்தொட்டி விளிம்பு மாட்டியிருக்கு. முழங்கையில சிராய்ப்பு, அம்புட்டுத்தேன். நான் ஒரு சொல்லு சொல்றதுக்குள்ள, அவ கம்பியை அப்பன் காலடியில போட்டுட்டு என்னைப் பார்த்துச் சொன்னா: "ஆசாரியண்ணே, சுத்தியலை எடுங்க. எம்பிள்ளைக்குச் சத்தம் பழகிப்போகும். விழுந்து பழக முடியாது."

பேத்தி

அன்னைக்கே அடிச்சேன். அவ வாசல்ல மணையைப் போட்டு உக்காந்து, கடைசிக் கட்டை வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்தா. புதுத் தேக்குக்கட்டை பதிச்சு, பித்தளைத் திருகாணிக்கு எண்ணெய் தடவி, ஒவ்வொண்ணாத் திருகினேன். முதலாளி சுத்தியல் பக்கமே வரல.

அடுத்த மாசம் பொம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. கை கால் மூக்கு முழி எல்லாம் கச்சிதம். ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும்னு ஆசையா அவரு ஏலக்காய்க் கடைக்குப் போனேன். முதலாளி என்னைக் கண்டதும் முறைச்சாரு: "பொழுதன்னைக்கும் வீல் வீல்னு கத்துதுய்யா. வீட்டுல ஒருத்தர் கண்ணசர முடியல. எல்லாம் நீ அடிச்ச அடிதேன்."

பேத்தி சிரிச்சா தாத்தனைப் போல, அழுதா ஆசாரி சுத்தியலைப் போல, இதுதான் சாமிகளே நம்ம தொழிலுக்கு ஊர் தர்ற மரியாதை.