அப்பா தட்டாமல் விட்டவை

என் அப்பா சோலைமலை தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் டைப்பிஸ்ட். ஓய்வு பெற்றதும், 2005இல், இலங்கை மலையகத்தின் லிந்துலை டவுனில் கம்யூனிகேஷன் கடை வைத்தார். ஒரு தொலைபேசி, ஒரு போட்டோ காப்பி மெஷின், ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தது நான். கத்தாரில் நெட்வொர்க் டெக்னீஷியனாக இருக்கிறேன். மெசஞ்சருக்குக் கடவுச்சொல் வைத்தேன். பேசுவதெல்லாம் சேமிக்கப்படும்படி செய்தேன். அது பயன்படும் என்று நினைத்தேன்.

வந்தவர்களில் பாதிப்பேர் தோட்டத்து அம்மாக்கள். பிள்ளைகள் வளைகுடா நாடுகளில். தொலைபேசியை விட சாட் மலிவு. அவர்களுக்கு எழுதத் தெரியாது. அவர்கள் சொல்வதை அப்பா ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டுவார். பதிலை வாசித்துக் காட்டுவார்.

2006இல், வடக்கில் போர் மறுபடி மூண்டிருந்த நேரம், அம்மாக்கண்ணு என்ற பெண் தன் மகனுக்கு, "பொதி அனுப்பியாச்சு, நாள் குறிச்சாச்சு" என்று சொன்னார். பொதியில் மாசிக் கருவாடு. நாள், மகள் கல்யாணத்துக்கு. அடுத்த வாரம் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. நான் சேமிக்க வைத்திருந்ததைத் திறந்து பார்த்தார்கள். பொதி என்றால் குண்டோ என்று அம்மாக்கண்ணுவை இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். பதிவை நிறுத்தக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்பா பதிவை நிறுத்தவில்லை. தட்டுவதைக் குறைத்துக்கொண்டார். முதலில் பொதி, நாள், ஊர்ப்பெயர்கள் போயின. பிறகு ஆஸ்பத்திரி, சண்டை, அழுகை. தூரத்தில் இருப்பவன் கேட்டு என்ன செய்யப்போகிறான் என்பது அவர் நியாயம்.

2007 ஜனவரியில் லீவில் வந்தபோது நேரில் பார்த்தேன். வேலாயி அக்கா துபாயிலிருந்த மகன் அழகனிடம் பேச வந்திருந்தார்.

"கொழுந்து நிறுக்குற மடுவத்துல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுங்கண்ணே. இடுப்பு நிமிர முடியல. பத்து நாளா பெரட்டுக்குப் போகல, வேலையும் இல்ல சம்பளமும் இல்லன்னும் சொல்லுங்க. ஒன் பொண்டாட்டி ஒரு வாய் சுடுதண்ணி வச்சுத் தரலன்னும் சொல்லுங்க."

அப்பா தட்டினார்.

"என்னண்ணே, நான் இம்புட்டு பேசுறேன், நீங்க நாலு தட்டுல முடிச்சிட்டீங்க?"

"கம்ப்யூட்டரு சுருக்கித்தான் அனுப்பும் தங்கச்சி."

"அப்ப மருமக பேச்சு போச்சா?"

"அதான் மொதல்ல போச்சு."

திரையைப் பார்த்தேன். 'அம்மா சுகம்' என்று இருந்தது. நான் சிரித்தேன். லீவு முடிந்து திரும்பினேன்.

எங்கள் தோட்டத்து டிவிஷனில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கடைக்கு வருவார். அவர் சொல்வார், அப்பா தட்டுவார், நான் கத்தாரில் படிப்பேன்.

அக்டோபரில் அப்பா இறந்தார். தொண்டையில் புற்றுநோய். தந்தி மாதிரி ஒரு செய்தி பக்கத்துக் கடைக்காரர் செல்லசாமியிடமிருந்து வந்தது. நான் வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள்.

அம்மா என்னோடு பேசவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மதியம், கடையில் சாமான்களை ஒதுக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"மார்ச்சுல நாலு ஞாயித்துக்கெழம சொன்னேன்டா, அப்புறம் சொல்றதையே விட்டுட்டேன். வரமாட்டேன்னு ஒரு வார்த்தையாவது போட்டியா?"

"என்னம்மா சொன்னீங்க?"

"தெரியாத மாதிரி கேக்காத."

கம்ப்யூட்டரைப் போட்டேன். பதிவில் மார்ச் மாதத்து நான்கு ஞாயிறுகளும் இருந்தன. வாசித்தேன்.

"'இங்க எல்லாரும் சுகம். நீ வேலையப் பாரு.' நாலு வாரமும் இதான்மா."

அம்மா முக்காலியில் உட்கார்ந்தார். திரையையே பார்த்தார். அவருக்கு அது வெறும் கோடு.

"பக்கத்துலதானடா உக்காந்திருந்தேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ என்ன பதில் போட்ட?"

"சரிம்மான்னு."

"அவரு படிச்சது வேற. லீவு கேட்டுப் பாக்கிறேன்னு படிச்சாரு."

 பிறகு அம்மா, "தட்டு" என்றார்.

"என்னத்த?"

"நான் சொன்னத. ஒனக்குத்தான். ஒங்கப்பாவுக்கு சோறு எறங்கல. தண்ணி குடிச்சாலும் பொறையேறுது. கொழும்புக்குக் கூட்டிப்போகச் சொல்றாங்க, இந்த மனுசன் கடைய விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறாரு. பதினஞ்சு நாள் லீவு போட்டு வா."

ஒரு சொல் விடாமல் தட்டினேன். அனுப்ப வேண்டிய பெயர் என்னுடையது. நான் இணைப்பில் இல்லை என்று காட்டியது.

"படி."

படித்தேன்.

"பதினஞ்சு நாள் இல்ல" என்றார். "ஒரு மாசம்னு சொன்னேன். மாத்து."

மாற்றினேன்.