கம்பெனி டிரம்மில் என்ன இருந்தது?

போன சனிக்கிழமை சிதம்பரம் ஹாஸ்டலிலிருந்து கடலூருக்கு வந்தேன். செம்மண்டலத்தில் எங்கள் வீடு. பஸ்ஸில் வழி நெடுக ஸ்டாண்டிங். நாக்கு வறண்டு கிடந்தது. அக்கா ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, "இன்னொண்ணு" என்றேன்.

அவள் மொள்ளப் போனபோதுதான் கவனித்தேன். சமையலறை வாசலில், என் இடுப்பு உயரத்துக்கு, பளபளவென்று ஒரு நீல டிரம்!

"இது எப்பம்மா வந்துச்சு?"

"மாமா வாங்கியாந்தாரு. கம்பெனி டிரம்முடா" என்றாள் அம்மா. புது ஃப்ரிட்ஜ் வந்த வீட்டுக்காரி மாதிரி அப்படி ஒரு பெருமை முகத்தில்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் ஊருக்குத் தெற்கே வரிசையாகக் கெமிக்கல் கம்பெனிகள். அங்கே சரக்கு தீர்ந்த டிரம்கள் பழைய சாமான் கடைக்கு வரும். கடையிலிருந்து வீட்டுக்கு வரும். டீக்கடை, கல்யாணப் பந்தல், மொட்டை மாடி... எங்கே பார்த்தாலும் நீலமாக நிற்கும். உடையாது, துருப்பிடிக்காது. கடையில் விற்கிற புது டிரம்மை வாங்கினால் எங்கள் ஊரில் 'ஏமாந்தவன்' என்று பெயர்.

அம்மாவையும் குறை சொல்ல முடியாது. அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கல்யாணமாகி வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரி, கோயில் என்று அலைந்த பிறகு உண்டான பிள்ளை. வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையலோடு அழைத்து வந்தார்கள். குழாயில் தண்ணீர் வருவதோ அதன் இஷ்டம். வயிற்றுப் பிள்ளைக்காரி குடம் தூக்கலாமா? அம்மா தன் தம்பியிடம் சொன்னாள். மாமா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மறுநாளே டிரம் வந்துவிட்டது.

நான் படிப்பது கெமிஸ்ட்ரி. குடித்து முடித்த பிறகுதான் படித்தது ஞாபகம் வந்தது என்பது வேறு விஷயம்! மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. மூடியின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டி மோந்தேன். லேசாக... மிக லேசாக... அழுகிப்போன பழம் மாதிரி ஒரு இனிப்பு வாடை.

டிரம்மைச் சுற்றி வந்தேன். லேபிளை யாரோ கத்தியால் சுத்தமாகச் சுரண்டியிருந்தார்கள்.

"அம்மா, இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"என்னமோ இருந்துட்டுப் போவுது. புளி போட்டுத் தேச்சேன். சோப்புத்தூள் போட்டு அலசுனேன். வேப்பலைத் தண்ணி ஊத்தி வெயில்ல காய வெச்சேன். வாசனை போற வரைக்கும் வுடலியே நானு!"

இங்கேதான் எங்கள் ஊர் வசமாக மாட்டிக்கொள்கிறது. எங்களுக்கு மூக்குதான் லேப். காற்று திரும்பினால் 'இன்னிக்கு முட்டை நாத்தம்', 'இன்னிக்கு நெயில் பாலிஷ்' என்று படுக்கையிலிருந்தே ரிப்போர்ட் கொடுப்போம். நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்துவோம். போனால் திறப்போம். நாற்றம் போய்விட்டால் விஷமும் போய்விட்டது என்று எங்களுக்கு யார் சொன்னது? மூக்குக்கே தெரியாமல் உள்ளே வருகிற ஆசாமிகளை என்ன செய்வது?

சில கெமிக்கல்கள் இருக்கின்றன. மண்ணில் போட்டால் மக்காது. தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கொழுப்பைக் கண்டால் மட்டும் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். சேற்றிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து நமக்கு, அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு என்று வருஷக்கணக்கில் டிராவல் பண்ணும். எங்கள் டிரம்மில் அதுதான் இருந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதுதானே பிரச்சினை!

இதையெல்லாம் வீட்டில் எடுத்துவிட்டேன். மாமா சிரித்தார்.

"மாப்ள, ஊருல பாதிப் பேரு இதுலதான் குடிக்கிறான். எவன் செத்துட்டான்?"

"எதுல செத்தான்னு எவன் மாமா பாத்தான்?"

"படிக்க வெச்சா இப்பிடித்தான். தண்ணியக் கூட நிம்மதியா குடிக்க வுட மாட்றான் பாரு!"

அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "நான் வந்ததுலேர்ந்து இதத்தானடா குடிக்கிறேன்" என்றாள்.

திங்கட்கிழமை மஞ்சக்குப்பத்தில் டாக்டரம்மாவிடம் போனோம். ஸ்கேன் பார்த்தார். குழந்தை நன்றாக இருக்கிறது, இதயத் துடிப்பு நார்மல். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் டிரம் கதையைச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"முதல்ல அந்தத் தண்ணிய நிறுத்துங்க. டிரம்ல என்ன இருந்துச்சுன்னு கேட்டுட்டு வாங்க. அது தெரிஞ்சாத்தான் என்ன டெஸ்ட் எடுக்கறதுன்னு நான் சொல்ல முடியும்."

நியாயமான கேள்வி. யாரிடம் கேட்பது? மாமாவின் லோடு ஆட்டோவிலேயே பழைய சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார். விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு ரொம்ப சீரியஸாக ஒரு கேள்வி கேட்டார்.

"நீல டிரம்மா, கறுப்பு டிரம்மா?"

"நீலம்."

"திருகு மூடியா, வளையம் போட்ட மூடியா?"

"வளையம்."

"அப்ப நல்ல டிரம்முதான் தம்பி!"

அவர் கெமிஸ்ட்ரி அத்தோடு முடிந்தது. எந்தக் கம்பெனி? "பல எடத்துலேர்ந்து வருது." என்ன சரக்கு? "வரும்போதே லேபிளு இருக்காதுப்பா." கிளம்பும்போது மாமாவின் தோளில் தட்டி, "வேணாம்னா கொண்டாந்துருங்க. முகூர்த்த நாள் வருது, டிமாண்டு ஜாஸ்தி. சமையல்காரங்க வாடகைக்குக் கேக்குறாங்க" என்றார்.

மாமா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. வழியெல்லாம் ஹாரன் கூட அடிக்கவில்லை.

பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். 'அழுகிய பழ வாடை' என்று தேடினால் கம்ப்யூட்டர் எத்தனை கெமிக்கல் பெயர் சொல்கிறது தெரியுமா? பாதி பெயிண்ட் கடையில் இருக்கிறது. மீதி பூச்சிமருந்தில் இருக்கிறது. எங்கள் டிரம் எந்தக் கட்சி?

வீட்டுக்கு வந்து கடப்பாரையை எடுத்தேன். டிரம்மைக் கவிழ்த்து அடியில் ஓங்கிக் குத்தினேன். சனியன், சுலபத்தில் ஓட்டை விழவில்லை! மாமா வந்து பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக அதை சல்லடை ஆக்கினோம். இனி இதில் எவனும் தண்ணீர் பிடிக்க முடியாது என்று கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தால், மதில் மேல் பக்கத்து வீட்டு அக்கா.

"ஐயய்யோ, நல்ல டிரம்ம இப்பிடிப் பண்ணிட்டீங்களே! சரி, என்கிட்ட குடு தம்பி. மண்ணு ரொப்பி கீரை போட்டுக்கறேன்."

கொடுக்கவில்லை. அவருக்கு என் மேல் வருத்தம்.

எரித்தால் புகை. புதைத்தால் கிணறு. கொடுத்தால் பக்கத்து வீட்டுக் கீரை. நீங்களே சொல்லுங்கள், எங்கே போடுவது? இப்போதைக்கு எங்கள் வீட்டுப் பின்பக்கம் வெயிலில் உருண்டு கிடக்கிறது. அம்மா தெருக்குழாயிலிருந்து குடம் சுமக்கிறாள். மகள் குடம் தூக்கக் கூடாது என்று ஆசைப்பட்டு வாங்கச் சொன்னது அவள்தானே.

ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தாள்.

"டிரம்முல ஓட்ட போட்டுட்ட, சரி. நான் குடிச்சத என்னடா பண்றது?"

பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.