மடியில் கட்டிய சங்கு

தம்பிக்கு முதல் திதி கொடுக்க இந்தத் தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனேன். குடும்பத்தோடு அந்தப் பக்கம் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

சாயல்குடியில் காலை ஐந்தரைக்கு பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் மாறினால், பாம்பன் பாலம் தாண்டிப் பத்து மணிக்குள் அக்காள்மடத்தில் இறங்கலாம். கடற்கரைக்கு ஆட்டோ உண்டு.

"அங்கன என்னண்ணே இருக்கு? எல்லாரும் கோயிலுக்குல்ல போவாங்க" என்றார் ஆட்டோக்காரர். கரைக்கே விடச் சொல்லி ஏறி உட்கார்ந்தேன்.

நாங்கள் மானாவாரி விவசாயிகள். வயலில் எது கையில் அகப்பட்டாலும் வேட்டி மடியில் கட்டிக்கொள்வோம். போன வருடம் இதே கரையில் தலைமுழுகி எழுந்த தம்பி, பழுப்புக் கோலம் போட்ட ஒரு கூம்புச் சங்கைப் பார்த்தான். மகளுக்கு என்று மடியில் கட்டிக்கொண்டான். உள்ளே நத்தை உயிரோடு இருந்தது. சற்று நேரத்தில், முள் குத்தின மாதிரி இருக்கிறது என்றான். பிறகு நாக்கு குழறியது, மூச்சு திணறியது. மாரடைப்பு என்று நெஞ்சைத் தடவிக்கொண்டே கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் மடியை அவிழ்த்தபோதுதான் சங்கு விழுந்தது. டாக்டரம்மா விளக்கினார். இந்த நத்தைகளின் முன்னோர் புழு தின்றவை. இன்றும் பெரும்பாலானவை அப்படித்தான். சில, மற்ற நத்தைகளைத் தின்னும். ஒருசில இனங்கள் மட்டும் மீனுக்கு மாறின. ஊர்ந்து போகிற பிராணி மீனைப் பிடிக்க வேண்டுமென்றால், குத்திய நொடியே மீன் விறைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக விஷம் அதற்கேற்ப மாறியது. விஷத்தைக் குத்தி ஏற்றுகிற ஈட்டி மாதிரியான பல் அதற்கு ஏற்கெனவே இருந்தது. மீனின் நரம்பும் நம் நரம்பும் ஏறக்குறைய ஒரே மாதிரியாம். மீனுக்காக உண்டான விஷத்தில் என் தம்பி போனான். அவன் மேல் அதற்கு ஒரு பகையும் இல்லை.

"இதுக்கு மாத்து மருந்து இல்லங்க. வாயோட வாய் வச்சு ஊதிக்கிட்டே வந்திருந்தா பிழைச்சிருக்கலாம்" என்றார்.

ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அமாவாசையும் அதுவுமா ராமேஸ்வரத்துல போயிருக்கான், புண்ணியம்." சின்னப் பெண்ணை விட்டுவிட்டுப் போனவனுக்கு எதற்கய்யா புண்ணியம்?

இந்த முறை திதி முடித்து நிமிர்ந்தால், கமுதிப் பக்கத்துக்காரர் ஒருவர் அதே மாதிரிச் சங்கை எடுத்து மடியை விரிக்கிறார்.

"அண்ணே, போடுங்க அத!" என்று கத்தினேன்.

"ஏன், கடல எழுதி வாங்கிட்டீரோ?"

"எந்தம்பி இத மடியில கட்டித்தான் இங்கன செத்தான்."

கையை உதறி வீசினார். விறுவிறுவென்று கரையேறினார். அவர் மனைவி என் பக்கத்தில் வந்து, ஆறுதலாகத்தான் சொன்னார்: "வருத்தப்படாதீங்கண்ணே. இங்கன போறதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்."

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். கடலில் கிடக்கும் கூம்புச் சங்கைத் தொடாதீர்கள். அது யாரையாவது குத்தி மூச்சு திணறினால், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மூச்சு ஊதிக்கொண்டே இருங்கள். குறுக்கே வந்து புண்ணியம் என்று யாராவது சொன்னால், பிடித்துத் தள்ளிவிட்டு ஊதுங்கள்.