கரிச்சட்டையும் டீசல் இன்ஜினும்

சரக்கு ரயில் தொழிலில் ஓடினால் இன்ஜின் ஓடியது என்பார்கள், நின்றால் டிரைவர் நிறுத்திவிட்டான் என்பார்கள். உங்கள் ஆபீஸிலும் மெஷின் கெட்டுப்போனால் மெஷினுக்கா மெமோ கொடுக்கிறார்கள்? உங்களுக்குத்தானே? அப்போ நீங்களும் நம்ம கட்சிதான். வாங்க, உட்காருங்க.

மூன்று தடவை படுத்தால்

பதினோரு வருஷம் நிலக்கரி இன்ஜினில் ஃபயர்மேனாகக் கரி அள்ளிப் போட்டு, முதுகு போய், மூச்சும் பாதி போய், பரீட்சை எழுதி ஒருவழியாக டீசல் டிரைவர் ஆனேன். எழுபதுகளின் கடைசி அது. வீடு பாண்டி நெல்லித்தோப்பில். விழுப்புரத்துக்கும் பாண்டிக்கும் நடுவே அரிசியும் உரமும் இழுப்பதுதான் வேலை. ஆர்டரோடு ஒரு கண்டிஷனும் வந்தது. வருஷத்தில் மூன்று தடவை இன்ஜின் படுத்தால் டிரைவர் மறுபடியும் கரி இன்ஜினுக்குப் போகணும். படுத்த இன்ஜின் எங்கேயும் போக வேண்டாம், அதற்கு ஒரு தண்டனையும் கிடையாது.

எனக்கு உள்ளுக்குள்ளே பயம்தான். இன்னொரு தடவை கரி அள்ளினால் ஆளே இருக்கமாட்டேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் மனைவி சரோஜா, கரி ஏறி அட்டை மாதிரி விறைத்துப்போன என் பழைய காக்கிச் சட்டையைத் தூக்கி எறியாமல் பரண்மேல் வைத்தாள்.

"இருக்கட்டும். உங்க புது வண்டி மேல எனக்கு அவ்வளவா நம்பிக்கை இல்ல."

புகையே வராது

டீசல் வந்தால் லைன் ஓரத்து வீடுகளில் வெள்ளை வேட்டியைத் தைரியமாகக் காயப்போடலாம் என்று இலாகாவில் ரொம்பப் பெருமையாகச் சொன்னார்கள். நானும் அதை நம்பி, எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பழைய பட்டாளத்துக்காரர் ஒருவரிடம் ஒப்பித்துவிட்டேன். மனுஷன் மறுநாளே இஸ்திரி போட்ட வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டையோடு ரயில்வே கேட்டுக்கு வந்து நின்றார். நானும் ஜோராக முடுக்கினேன். இந்த வரிசை இன்ஜினுக்கு ஒரு குணம், முடுக்கியதும் முதலில் புகையைத்தான் கக்கும், அப்புறம்தான் நகரும். சாயங்காலம் மனுஷன் அதே உடுப்போடு என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"முசே, நீங்க சொன்னது நிஜம்தான். கரி இல்ல. புகை மட்டும்தான் கறுப்பா இருக்கு."

மூக்கு முன்னால்

இந்த இன்ஜினில் டிரைவர் அறை ஒரு கோடியில். அதற்கு அந்தப் பக்கம் பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி நீளமாக ஒரு மூக்கு. பாண்டியில் அதைத் திருப்பிப் போட வழியில்லை. அதனால் வரும்போது அறை முன்னால், போகும்போது மூக்கு முன்னால். மூக்கு முன்னால் போனால் எனக்கு ஒரு பக்கம் ஒன்றுமே தெரியாது. அந்தப் பக்கம் என் அசிஸ்டென்ட் பக்கிரி எட்டிப் பார்த்து "சிக்னல் இறங்கியிருக்கு!" என்று கத்துவான். காதில் விழுந்தது என்பதற்கு அத்தாட்சியாக நானும் "சிக்னல் இறங்கியிருக்கு!" என்று திருப்பிக் கத்தணும். அது ரூல். வழி நெடுக இதே கூத்து.

ஒருநாள் கேட் பக்கத்தில் மெதுவாக உருண்டுகொண்டிருந்தோம். கனகசெட்டிக்குளத்து மீன்காரம்மா ஒருத்தி, கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டைத் தாண்டும்போது என்னைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாள்.

"அந்தப் புள்ள ஒருவாட்டி சொன்னா நம்பமாட்டியா நீ? அதையே திருப்பித் திருப்பிக் கத்துறியே!"

முன்னேற்றம்

முதல் இன்ஜின்கள் கப்பலில் வந்தவை. அப்புறம் நம்ம நாட்டிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். சந்தோஷம். ஆனால் செய்து அனுப்புகிற ஒவ்வொரு தொகுதியிலும் யாரோ ஒரு புண்ணியவான் ஏதாவது ஒன்றை முன்னேற்றிவிடுவார். ஒரு தொகுதியில் ஹாரன் இருந்த இடத்துக்குக் கண்ணாடி துடைக்கிற வைப்பர் வந்தது, வைப்பர் இருந்த இடத்துக்கு ஹாரன் போனது. காரணம் கேட்டால் 'டிரைவரின் வசதிக்காக.' எந்த டிரைவர் கேட்டான் என்று இன்றுவரை தெரியாது.

வில்லியனூர் தாண்டி ஒரு எருமை தண்டவாளத்தில் நின்றது. பதறிப்போய்ப் பழக்க தோஷத்தில் கை பழைய இடத்துக்கே போனது. கொளுத்துகிற வெயிலில், பொட்டுத் தண்ணியில்லாத கண்ணாடியை வைப்பர் வெகு சிரத்தையாகத் துடைத்தது. பிரேக்கைப் போட்டு, எருமைக்கு ஒரு கஜம் முன்னால் நின்றோம். எருமைக்காரர் ஓடி வந்தார்.

"ஒரு சத்தம் குடுக்க மாட்டியாய்யா? மாட்டப் பாத்து டாட்டா காட்டிக்கிட்டு வர்றியே!"

பார்த்தோம், சரியாக உள்ளது

ஒவ்வொரு இன்ஜினிலும் ஒரு ரிப்பேர் புத்தகம் உண்டு. என்ன கோளாறு என்று டிரைவர் எழுதணும். ஷெட்டில் அதைப் பார்த்துச் சரிசெய்து, கீழே பதில் எழுதணும். எங்கள் ஷெட்டில் பதிலை மட்டும் தவறாமல் எழுதுவார்கள்.

மழையில் சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் தூவ, இன்ஜினிலேயே ஒரு மணல் பெட்டி இருக்கும். 'குழாயில் மணல் வரவில்லை' என்று மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் 'பார்த்தோம், சரியாக உள்ளது' என்று வந்தது. கார்த்திகை மழையில் ஆற்றுப்பாலத்து ஏற்றத்தில், பின்னால் அரிசி வேகன்களோடு, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. பக்கிரியும் நானும் சாப்பாட்டு டப்பாவைக் காலிசெய்து, அதில் பெட்டி மணலை அள்ளி அள்ளித் தண்டவாளத்தில் தூவினோம். வண்டி நகர முக்கால் மணி நேரம். என் பேரில் முதல் ஃபெயிலியர். வண்டியின் பின்கோடியிலிருந்து ரயில் கார்டு குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"சரியா இருக்குன்னுல்ல போட்டிருக்கு? அப்புறம் எதுக்குய்யா டப்பாவுல அள்ளுறீங்க?"

கிணற்றுத் தண்ணீர்

இரண்டாவது ஃபெயிலியர் பங்குனியில். இன்ஜினைக் குளிரவைக்கிற தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று எழுதியிருந்தேன். பதில் உங்களுக்கே தெரியும். கண்டமங்கலத்துக்குப் பக்கத்தில் சூடு தாங்காமல் அலாரம் அடித்து நின்றுபோனது. பக்கத்து வயலில் பம்புசெட் ஓடியது. காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றினோம். வயல்காரரும் நல்ல மனுஷர், தானும் இரண்டு குடம் தூக்கினார்.

"கரி வண்டிக்குத்தான் தண்ணி, இதுக்கு எண்ணெய்னாங்க. கடசியில இதுவும் என் கெணத்துக்குத்தான் வந்து நிக்குதா?"

சிக்கனம்

இரண்டு ஆகிவிட்டது. ஆர்டர் வாங்கி ஒரு வருஷம் முடிய இன்னும் நாலு மாசம். ஒவ்வொரு தடவை இன்ஜினில் ஏறும்போதும் பரண்மேல் இருக்கிற சட்டைதான் கண்முன்னால் வரும். இந்தச் சமயம் பார்த்து எங்கள் இன்ஜினுக்குப் பேட்டரி வீக். ஓடிக்கொண்டிருந்தால் ஓடும், அணைத்தால் மறுபடி எழுந்திருக்காது. அதனால் எழுதாத சட்டம் ஒன்று போட்டுக்கொண்டோம். ஷெட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பிப் போகிறவரைக்கும் அணைக்கவே கூடாது.

ஒரு மத்தியானம் பாண்டி யார்டில் உரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. எரிபொருள் சிக்கன அதிகாரி ஒருவர் எங்கிருந்தோ வந்து குதித்தார்.

"நிக்கிற இன்ஜின் எதுக்கப்பா எண்ணெய் குடிக்குது? அணை."

"அணைச்சா எந்திரிக்காது சார். பேட்டரி வீக்குன்னு ஏழு தடவை எழுதியிருக்கேன்."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். ஏழு தடவையும் கீழே அதே பதில். "சரியாத்தான் இருக்குன்னு ஷெட்டுல சொல்றாங்களே? அணை."

சாமி சத்தியமாக, அந்த நேரத்தில் எப்படித்தான் தோன்றியதோ! "சார், இவ்வளவு எண்ணெய் மிச்சமானது உங்களாலதான்னு மேல யாருக்குத் தெரியப்போகுது? நீங்களே இதுல ரெண்டு வரி எழுதிடுங்களேன்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. பச்சை இங்க்கில் எழுதினார். 'என் நேரடி உத்தரவின் பேரில் இன்ஜின் அணைக்கப்பட்டது.' கையெழுத்து, தேதி, நேரம். நான் அணைத்தேன்.

இரண்டு மணி நேரத்தில் வேகன்கள் காலி. பட்டனை அழுத்தினேன். ஒரு முனகல், அவ்வளவுதான். அதிகாரி தானே வந்து அழுத்தினார். அதிகாரிக்கும் அதே முனகல்தான். எழுதிய பக்கத்தைக் கிழிக்கலாமா என்று புரட்டினார். பாவம், பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அச்சடித்திருந்தது.

கடைசியில் விழுப்புரத்திலிருந்து ஒரு கரி இன்ஜின் வந்து, எங்கள் டீசலையும் வேகன்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. அதிகாரி கரி இன்ஜினில்தான் ஏறிக்கொண்டார். அதை ஓட்டி வந்தவன் என் பழைய கூட்டாளி ஆரோக்கியம்.

"ஓரமா நில்லுங்க சார், கரி பட்டுடும். நம்மளுது சிக்கனமில்லாத வண்டி."

பதினைந்து நாள் விசாரணை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிகாரியே உத்தரவு போட்டு அணைத்ததை ஃபெயிலியர் என்று எழுதினால் அது அவர் தலையில் விடியும். அதனால் அதற்கு 'எரிபொருள் சிக்கனச் சோதனை' என்று பெயர் வைத்தார்கள். சோதனை வெற்றி என்றும் எழுதினார்கள். பொய்யில்லை, திரும்பிப் போகும்போது அந்த இன்ஜின் ஒரு சொட்டு எண்ணெய் குடிக்கவில்லை. பேட்டரிக்கு வந்த பதிலையும் பார்த்தேன். பச்சை இங்க்குக்குக் கீழே, எட்டாவது தடவையாக, 'பார்த்தோம், சரியாக உள்ளது.'

என் பேரில் ஃபெயிலியர் இரண்டோடு நின்றது. வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது, அதைச் சொல்ல என்ன வெட்கம்? அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்மேலிருந்து கரிச்சட்டையை எடுத்து உதறினாள்.

"நாளைக்குப் பழந்துணிக்குப் பாத்திரம் குடுக்கிறவ வந்தா போட்டுடறேன். உங்க வண்டி மேல இப்பவும் எனக்கு நம்பிக்கை இல்ல. உங்க மேல வந்துடுச்சு."

அந்தச் சட்டைக்குக் கிடைத்த எவர்சில்வர் தூக்கு, யாரும் பார்க்காமலேயே, யாரும் எழுதாமலேயே, இன்றுவரைக்கும் சரியாகத்தான் உள்ளது.