ஊசிமுனை எழுதாத கடிதங்கள்

பள்ளிக்கூடத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு படிவம் தருவார்கள். 'தாயின் தொழில்' என்ற கோட்டில் ஏழாம் வகுப்பு வரை இரண்டு வருடம் தொடர்ந்து ஒரே பதிலை நான் எழுதியதாக நினைவில்லை. நீதிமன்ற வாசலில் மனு தட்டச்சு செய்பவர். அச்சகத்தில் பிழை திருத்துபவர். வாரப் பத்திரிகையில் வீட்டுக்குறிப்பு எழுதுபவர். ஒரு வருடம், வீடு வீடாகப் போய்ப் பிரஷர் குக்கர் விற்பவர்.

"பேசாம 'எல்லாம்'னு போட்டுடு," என்பார் அப்பா.

எட்டாம் வகுப்பில்தான் பெருமையாக எழுதும்படி ஒரு பதில் கிடைத்தது: வானொலி அறிவிப்பாளர். பக்கத்தில் 'தற்காலிகம்' என்று சேர்க்கச் சொன்னாள் அம்மா. "இல்லாததை எழுதக் கூடாது." அந்த நாட்களில்தான் அவள் இல்லாத ஒருத்தியை எழுதிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குப் பதினைந்து நிமிடம் நேயர் கடிதம். குறைந்தது ஆறு கடிதமாவது வாசிக்க வேண்டும், இல்லையென்றால் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு இசைத்தட்டு போட்டுவிடுவார்கள் என்பது நிலையத்தின் ஏற்பாடு. மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் நான்குதான் வந்தன. மீதி இரண்டை அம்மாவே எழுதினாள். ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. இன்னொன்றுக்குக் கீழே 'ஊசிமுனை' என்று போட்டிருந்தாள். அளவு கொடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறவர்களைப் பற்றி ஒரு தையல்காரி எழுதிய கடிதம். மறு வாரம் ஊசிமுனைக்கு மட்டும் ஒன்பது பதில் கடிதங்கள் வந்து கிடந்தன.

அந்தப் பேச்சு அம்மாவுடையது அல்ல, அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கணவனோடு ஒத்துவராமல் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னறையில் உட்கார்ந்தவள். அவள் வாய்க்குக் கத்தரி தேவலை என்பார்கள். அம்மா அடுக்களையில் நின்று அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, இரண்டு வருடம் ஊசிமுனையை வளர்த்தாள். ஊரே ரசித்த வரி ஒன்று உண்டு: 'என் தம்பி பொண்டாட்டியைப் பட்டன் தைக்கச் சொன்னால் கதை தைப்பாள்.' அம்மாவைப் பற்றி அத்தை சொன்னதை, அம்மாவே மைக்கில் வாசித்தாள்.

அத்தை ரேடியோ கேட்பதில்லை என்று அம்மா நம்பியிருந்தாள். ஆனால் விடுமுறையில் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். நாள் முழுக்க ஓடும் மெஷின், புதன்கிழமை ஒன்றரைக்கு நின்றுவிடும். நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். எல்லாப் புதனும் எப்படி அறும் என்று யோசிக்கவில்லை.

நிகழ்ச்சியின் பத்தாம் ஆண்டு வந்தது. 'ஊசிமுனையை நேரில் அழைத்து நேரடி ஒலிபரப்பில் பேசவைக்கலாம்' என்றார் நிலைய இயக்குநர். அம்மாவை நிரந்தரமாக்கும் கோப்பு அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பொய்க் கடிதம் என்று தெரிந்தால் அந்தக் கோப்போடு வேலையும் போகும். அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் முன்னறைக்குப் போய் நின்றாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஊசிமுனைக்கு உடம்புக்கு முடியலையா?" என்றாள் அத்தை, தைத்துக்கொண்டே.

அம்மா அப்படியே துணிக்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டாள். "தெரியுமா?"

"என் வாய் எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமா நீ எப்பச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"நீங்க நிலையத்துக்கு வந்து ஊசிமுனைன்னு உக்காந்தா போதும் அண்ணி."

"வர்றேன். ஆனா எழுதினது நானான்னு கேட்டா இல்லேன்னுதான் சொல்லுவேன். எனக்கு அளவு எழுதத்தான் தெரியும். நாளைக்கு ஒருத்தன் வந்து நின்னு, நாலு வரி எழுதிக் குடுன்னு கேட்டா என் மூஞ்சியை எங்கே வச்சுக்க?"

முன்னாலேயே போய் உண்மையைச் சொல்லிவிடு என்றார் அப்பா. அம்மா சொல்லவில்லை. எழுதியது யார் என்று கேட்க மாட்டார்கள் என்று நம்பினாள். நிலையத்துக்குப் போகும் பேருந்திலும் அத்தையிடம் கெஞ்சினாளாம். "கேட்டா சும்மா சிரிச்சு வைங்க."

"சிரிச்சா ரேடியோவுல தெரியுமா?"

வீட்டில் அப்பாவும் நானும் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தோம். அத்தை பத்து நிமிடம் வெளுத்துவாங்கினாள். ஜாக்கெட்டுக்குக் காலர் வைக்கச் சொல்லி நச்சரிப்பவர்கள், தைக்கக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போனவர்கள். இயக்குநர் சிரித்துச் சிரித்து இருமினார். அப்புறம் கேட்டார்: "இவ்வளவு நல்லா எழுத எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"நான் எழுதலீங்க. பேசினதோட சரி."

ரேடியோவில் ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோ நின்றுவிட்டதோ என்று அப்பா குமிழைத் திருகினார். அறிவிப்பாளர்களுக்கு மௌனத்தைப் போலப் பயம் தருவது வேறில்லை. மூன்று விநாடிக்கு மேல் அம்மாவால் அதைத் தாங்க முடிந்ததில்லை.

"நான்தான் எழுதினேன்," என்றது அம்மாவின் குரல், செய்தி வாசிப்பது போலத் தெளிவாக. "இவங்க என் நாத்தனார். பேச்சு இவங்களுது. இவங்களைக் கேக்காம எடுத்துட்டேன்."

"கேட்டிருந்தா இன்னும் நாலு சேத்துச் சொல்லியிருப்பேன்," என்றாள் அத்தை. உடனே இசைத்தட்டு வந்துவிட்டது.

கோப்பு கையெழுத்தாகாமல் திரும்பியது. நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. மாதக் கடைசியோடு அம்மாவும் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுபடி அச்சகத்தில் பிழை திருத்தினாள். நிலையத்துக்கு ஒரு சாக்கு கடிதம் வந்ததாம். பாதி திட்டு, மீதி 'அந்த ரெண்டு பேரும் திரும்ப எப்ப வருவாங்க?' நான்கு மாதம் கழித்து இயக்குநரே ஆளனுப்பினார். வாரம் ஒரு உரையாடல், அம்மா எழுத வேண்டும், இருவரும் பேச வேண்டும், மூன்று மாத ஒப்பந்தம்.

பதினாறு வருடம் மூன்று மூன்று மாதமாகவே ஓடியது. என் தங்கையின் படிவத்திலும் 'தற்காலிகம்' தான்.

எழுதியதை அம்மா முன்னறையில் உட்கார்ந்து வாசிப்பாள். அத்தை தலை நிமிராமல் தைப்பாள். மெஷின் நின்றால் எழுதிய தாள் நிலையத்துக்குப் போகும். ஓடிக்கொண்டே இருந்தால் அம்மா அதைக் கிழித்து, வெட்டுத்துணிக் கூடையில் போட்டுவிட்டு, வேறு தாள் எடுத்துக்கொள்வாள்.